பழைய காவலுக்குத் தெரிந்தது

அன்புள்ள உங்களுக்கு,

நலம். அத்தையும் நலம். மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறார். என் கையெழுத்தைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். கணினி பக்கம் போகப் பிடிக்கவில்லை. காரணம் கீழே.

நீங்கள் போட்டுவிட்டுப் போன வைரஸ் தடுப்பு மென்பொருளின் காலம் முடிந்துவிட்டது. திரையின் மூலையில் தினமும் சிவப்பாக வந்து நின்றது. எதை வாங்குவது? இலவசமானது போதும் என்கிறார்கள் சிலர். இலவசத்தைப் போல ஆபத்து வேறு இல்லை என்கிறார்கள் வேறு சிலர். படிக்கப் படிக்கக் குழப்பம். கடைசியில் கடைக்காரர் கையில் கொடுத்ததை வாங்கிவந்து, பழையதை எடுக்காமல் அதன் மேலேயே போட்டுவிட்டேன். இரண்டு பூட்டு இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

கணினி நகரவே இல்லை. புதியது பழையதைச் சந்தேகப்பட்டது, பழையது புதியதை. அத்தை எட்டிப் பார்த்து, "ஒரு உறையில ரெண்டு கத்தி இருக்குமாடி? இதுக்காடி இவ்வளவு படிச்ச?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பெட்டியைக் கடைக்குத் தூக்கிப் போனேன். கடைக்காரர் பழையதை நிறுத்திவைத்துவிட்டுப் புதியதை முழுமையாகத் தேடவிட்டார். ஒன்று அகப்பட்டது. விசைப்பலகையில் தட்டுவதையெல்லாம் எழுதிவைத்து, யாருக்கோ வெளியே அனுப்பிக்கொண்டிருந்த நிரல்.

பழையது ஏன் இதைப் பிடிக்கவில்லை என்று கேட்டேன். அவர் அதைத் திறந்து காட்டினார். பிடிக்காமல் இல்லை. இந்த நிரலைத் தொடாதே என்று யாரோ அதற்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். அப்படிச் சொல்லக் கடவுச்சொல் வேண்டும். அது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

"திருடன் கில்லாடியா இருந்தா கடவுச்சொல்லையும் எடுத்திருப்பான், அக்கா. உள்ள வந்ததும் மொதல்ல காவல்காரன் வாயைத்தான் கட்டுவான்," என்றார். பிறகு, "இல்லேன்னா வீட்டு ஆளுங்களே போடுறதும் உண்டு. பிள்ளைங்க என்ன பார்க்குதுன்னு தெரிஞ்சுக்க," என்றார்.

நம் வீட்டில் பிள்ளைகள் இல்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

அழித்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியவில்லை. பழைய மென்பொருளை மட்டும் எடுத்துவிட்டார். புதியது அந்த நிரலைத் தனியாக அடைத்துவைத்திருக்கிறது. கணினியைத் திறந்தால் கேட்கிறது: அழிக்கவா, அனுமதிக்கவா? நான் மூடிவிடுகிறேன்.

கடவுச்சொல்லை உடனே மாற்றச் சொன்னார். மாற்றினால் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? வந்தவன் திருடன் என்றால் சொல்லலாம். திருடன் இல்லையென்றால்? இந்த இடத்திற்கு வந்ததும் யோசனை நின்றுவிடுகிறது. அத்தை கூப்பிடுகிறார். அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கிறது.

போன மாதம் பேசும்போது பல்வலி எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். நான் உங்களிடம் சொல்லியிருக்கவில்லை. நீங்கள் கவலைப்படுவீர்களே என்று அத்தையிடம்கூடச் சொல்லவில்லை. என் தோழிக்கு மட்டும், இந்தக் கணினியில், எழுதியிருந்தேன். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "மனசு சொல்லுச்சு," என்றீர்கள். அன்று முழுவதும் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? துணி மடிக்கும்போதுகூடச் சிரித்துக்கொண்டிருந்தேன். அத்தை என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அந்தச் சந்தோஷத்தை இப்போது எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

தொலைபேசியில் கேட்டிருக்கலாம். உங்கள் குரலைக் கேட்டால் என் கேள்வி மாறிவிடும். நீங்களும் கைப்பட எழுதுங்கள். திருடன்தான் என்று எழுதுங்கள். எவனோ முகம் தெரியாதவன் வந்து நம் வீட்டில் உட்கார்ந்திருந்தான் என்று ஒரு வரி. அதற்குமேல் எதுவும் கேட்கமாட்டேன், நம்பிவிடுவேன். நம்ப முடியாவிட்டாலும் அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பேன்.

நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார் அத்தை. நானும் அதையேதான் சொல்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. வலி இல்லை. இதை நான் யாருக்கும் எழுதவில்லை. அதனால் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி