எண்ணெய்க்காரர்களைத் திருப்பி அனுப்பியது

கொல்லிமலை, பெரக்கரை நாடு
1940, ஆவணி 6

சிரஞ்சீவி அர்த்தனாரிக்கு அப்பன் எழுதுவது. கண்டித் தோட்டத்தில் நீ சுகமாயிருக்க வேண்டும். இங்கும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அந்தப் பொய்யை எழுதக் கை வரவில்லை. உன் மகள் பாப்பாயி மலைக்காய்ச்சலில் போய்விட்டாள், ஆடி பதினெட்டுக்கு மறுநாள்.

எப்படி என்று கேட்பாய், சொல்கிறேன். நம் ஓடைக்கு இக்கரை சேலம் ஜில்லா, அக்கரை திருச்சி ஜில்லா, கொசுவுக்குத்தான் அது தெரியாது. கொசுப்புழு சாக ஒரு கரைத் தண்ணீரில் மட்டும் எண்ணெய் ஊற்றினால் மறுகரைக் கொசு வந்துவிடும் என்று, அங்கே அதே வேலை பார்க்கிற நீயே எழுதியிருந்தாய். இரண்டு ஜில்லா ஆபீசும் இரண்டு வருஷம் காகிதம் எழுதி, ஒரே நாளில் இரு கரையிலும் ஊற்ற வைகாசியில் ஆள் அனுப்பினார்கள். அவர்கள் மலையேறி வந்தது நாம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய மறுநாள். நோம்பி முடியும்வரை வெளியாள் ஊருக்குள் வரக்கூடாதே. ஊர்க்கவுண்டன் என்ற மிடுக்கில் எல்லைக்கல்லில் நின்று, எட்டு நாள் கழிச்சு வாங்க சாமி என்று திருப்பி அனுப்பினேன். இன்னிக்கு விட்டா உத்தரவு காலாவதி ஆயிருங்க கவுண்டரே என்று கூட வந்த சுகாதார இன்ஸ்பெக்டர் கெஞ்சினார். நான் சிரித்தேன். அக்கரையில் மட்டும் ஊற்றிவிட்டுப் போனார்கள். நோம்பி முடிந்து ஆபீசுக்கு இறங்கிப் போனால், திருச்சிக்கு மறுபடி எழுதோணும், பதில் வந்தாப் பார்க்கலாம் என்கிறார்கள். காகிதத்துக்குக் காய்ச்சலா வருகிறது, அது மெதுவாகத்தான் போகும். அவர்களைச் சொல்லி என்ன, வந்தவர்களை விரட்டியவன் நான்.

நம் கரைக் கொசு அக்கரையையும் விடவில்லை. அங்கே ஊர்க்கவுண்டர் செங்கோடன் மருமகளும் போய்விட்டாள். துக்கம் கேட்கப் போனேன். உங்க நோம்பிக்கு எங்க ஊட்டுப் பிள்ளையுமா வேணுங்க என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

இப்போது உன் மகன் சின்னராசுக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் வருகிறது. காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மாத்திரை இன்னும் பத்து நாளைக்குக் காணும். ஐப்பசி மழைக்கு முன் எண்ணெய்க்காரர்கள் வரவேண்டுமானால், இரு கரைக் கையெழுத்தும் ஒரே மனுவில் வேண்டுமாம். செங்கோடன் என் பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்து வைக்கமாட்டார். அர்த்தனாரி போட்டா நானும் போடறேனுங்க என்று சொல்லியனுப்பினார். மனுவை இதோடு வைத்திருக்கிறேன். உன் பெண்சாதி பொன்னாயி எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. அவள்மேல் குறை இல்லை.

நீயும் கொய்னாவைத் தவறாமல் விழுங்கு. உன்னை ஆசீர்வதிக்க எனக்கு அருகதை இல்லை, ஆனாலும் நல்லாயிரு சாமி. என்னைத் திட்டி எழுதுவதானால் பிறகு எழுது. முதலில் கையெழுத்தைப் போட்டு மனுவை அடுத்த தபாலில் அனுப்பு.

உன் அப்பன்
அப்பாசாமி