சிலேட்டில் எழுதிய நேரம்

அன்புள்ள வின்னி,

ஊர் வரலாற்றுக் கண்காட்சிக்கு உங்கள் வாசல் சிலேட்டைக் கொடுத்திருக்கிறாயாம். என்ன பெருந்தன்மை!

சுரங்க வேலைக்கு அப்பாவை எழுப்ப வேண்டிய நேரத்தை நீதான் அதில் எழுதுவாய். அன்று ஐந்து என்று எழுதியிருந்தாய். ஆனால், வாசல் சிலேட்டுகளைப் பார்த்துத் தெருவை எழுப்புகிறவர் மூன்று மணிக்கே ஜன்னலைத் தட்டினார். வீட்டில் கடிகாரம் இல்லாததால் உன் அப்பா முந்தைய ஷிப்ட் ஆட்களோடு இறங்கிவிட்டார். சுரங்கக் கூரை சரிந்தது.

"தப்பா எழுதி அப்பனக் கொன்னுட்டியேடி!" என்று உன் அம்மா நடுத்தெருவில் உன்னை அடித்தாள். கொழுப்பு தடவிய ரொட்டியைத் தின்றபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முந்தின நாள் "போடி, பேன் தலை!" என்று கயிறாட்டத்திலிருந்து என்னைத் துரத்தினாய் அல்லவா? அன்று சாயங்காலமே உன் ஐந்தை எச்சில் தொட்டு அழித்து மூன்று போட்டேன்.

எழுபது வருஷம் ஆயிற்று. சிலேட்டுக்கான குறிப்பெழுதும் வேலை எனக்குத்தான் வந்திருக்கிறது. 'மகள் செய்த பிழை' என்றே எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து படி.

இப்படிக்கு,
உன் பக்கத்து வீட்டுப் பேன் தலை