மாலை போட்டவன் வாங்கிய ஆட்டுக்கால்

மாப்ள,

மிளகை மிக்சியில் போட்டுவிட்டு மூடியைச் சரியாக அழுத்தாமல் ஓட்டிவிட்டேன். அடுப்படி முழுக்க மிளகுப் புழுதி. தும்மித் தும்மிக் கண்ணில் தண்ணி. என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "சாமி அழுகுதா, சமைக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். இந்த நெடி மூக்கில் ஏறினாலே உன் ஞாபகம். கூடவே உன் மேல் எரிச்சலும் வந்துவிடுகிறது.

மார்கழி பிறந்தாச்சு. நாகமலையிலிருந்து இறங்குகிற பனிக்கு நம்ம தெருவே மங்கி குல்லாயோடு திரிகிறது. வழக்கம்போல ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறேன். உடம்பு சூடாக, கனமாக எதையாவது கேட்கிற மாசத்தில்தான் எங்கள் வீட்டு அடுப்பு சைவமாகும். உனக்கு அதுதான் கொண்டாட்டம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் உன் வீட்டுக் குக்கரில் ஆட்டுக்கால் வேகும். அந்த மணம் நமக்கு நடுவே இருக்கிற கொல்லைப்பக்கச் சுவரை ஏறி வரும். பின்னாலேயே உன் தலை வரும்.

"சாமி, வாசத்தை மட்டும் பிடிச்சுக்கங்க சாமி. அதுக்கெல்லாம் வெரதம் கெடாது."

"போயிரு. வாயில என்னமாச்சும் வந்துரும்."

"சாமி கோவப்படக் கூடாது சாமி."

நான் மாலை கழற்றுகிற வரைக்கும் ஞாயிறு மத்தியானம் என் மகள் காவ்யா உன் வீட்டுப் பிள்ளை. அவளுக்குப் பனி ஒத்துக்கொள்ளாது, நெஞ்சு கட்டிக்கொள்ளும். உன் வீட்டுக்காரி மீனா எலும்பைத் தட்டித் தட்டி அவள் தட்டில் வைப்பாள். நீ டாக்டர் கணக்காக, "வெந்நி குடிச்சாக் குளிர் போகாதும்மா, வயிறு நெறஞ்சாத்தான் போகும்" என்று சொல்லிக்கொண்டே உனக்கு இன்னொரு கிண்ணம் ஊற்றிக்கொள்வாய். வைத்தியம் பிள்ளைக்கு, மருந்து உனக்கு.

குளிரைப் பற்றி அம்புட்டுப் பேசியவன் ஆடி மாசத்திலேயே ஒரேயடியாகக் கிளம்பிவிட்டாய். சரி, போனதுதான் போனாய். மீனாவைச் சாப்பிடச் சொல்லிவிட்டாவது போயிருக்கலாம்.

அவள் அடுப்புப் பற்றவைப்பதையே விட்டுவிட்டாள் மாப்ள. காலையில் டீயும் ரஸ்க்கும், ராத்திரி ஒரு பன். கேட்டால், "ஒத்த ஆளுக்கு என்னத்தண்ணே ஆக்குறது?" என்கிறாள். போன வாரம் தண்ணி பிடிக்கப் போன இடத்தில் தலை சுற்றி, குடத்தோடு உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பனியில் அந்த உடம்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்?

நான் பத்தாவதோடு படிப்பை விட்டவன். சமையல் பக்கம் போனதே இல்லை. அப்படிப்பட்டவன், ஆரப்பாளையத்தில் கடை திறக்கப் போகுமுன் உளுந்தங்களி கிண்டினேன். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் தாராளமாக விட்டேன். வந்தது என்னவோ கட்டி கட்டியாகத்தான். என் கடையில் விற்கிற பிரேக் ரப்பர் அதைவிட மெத்தென்று இருக்கும். மறுநாள் கொள்ளு ரசம் வைத்து, சுடுசோற்றில் பிசைந்து கொடுத்தனுப்பினேன். தூக்குவாளி பளபளவென்று கழுவித் திரும்பி வந்தது. கொடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாதே, அடியில் ஒரு பிடி சீனி போட்டிருந்தாள். பரவாயில்லை, நம்ம கைக்கும் ருசி இருக்கிறது என்று கடையில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

அப்புறம் ஒருநாள் விடியக்காலையில் பால்காரர் மாடு மீனா வீட்டு வாசலை விட்டுவிட்டு என் வாசலில் வந்து நின்று அடுப்படியையே பார்த்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏம்மா, மாட்டுக்கா வச்ச?"

"வாசல்ல வந்து நின்னுச்சுண்ணே. பார்க்கப் பாவமா இருந்துச்சு."

மாடு பாவமாம். விடியுமுன் எழுந்து கிண்டியவன் பாவமில்லை. நல்ல ஜோடி நீங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காவ்யாவுக்கு இருமல் ஆரம்பித்தது. இருமிக்கொண்டே, "நீங்க ஆக்கிக் குடுத்தா மாடுதான்ப்பா திங்கும். எனக்கு வேணும்னு கேட்டா அத்தை ஆக்கும். கால் வாங்கப் போவோம், வாங்க" என்றாள். மாலை போட்ட வீட்டில் இருந்துகொண்டு கறியைத் தொடமாட்டேன் என்று அவள் அம்மா ஒதுங்கிக்கொண்டாள். காவ்யாவுக்கோ ஆட்டுக்காலில் நல்லது கெட்டது தெரியாது. ஆக, கறிக்கடைக்கு எதிர்ச்சாரியில், கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம் சகிதம் நான் நிற்க, அவள் ஒவ்வொரு காலாகத் தூக்கிக் காட்டினாள். நான் ஜாடையில்தான் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. பொறுமை போய், "அது வேணாம்மா, முன்னங்காலாக் கேளு!" என்று ரோடு அதிரக் கத்திவிட்டேன்.

கடையே திரும்பிப் பார்த்தது. ஒருத்தர் "சாமியே" என்று ஆரம்பித்து, மிச்சத்தை அப்படியே விழுங்கிவிட்டார். "மலைக்குப் போற பாதை இதில்லையே சாமி" என்றார் ஒரு பெரியவர். நான் வீடு சேருமுன் குருசாமிக்குச் சேதி போய்விட்டது. பச்சைத் தண்ணியில் தலை முழுகி நூற்றியெட்டு சரணம் சொல்லச் சொல்லிவிட்டார். இந்தக் குளிரில்!

அதற்குள் காவ்யா ஆட்டுக்காலோடு மீனா வீட்டுக்குப் போயிருந்தாள். முழுகிவிட்டு, பல் தந்தியடிக்கச் சுவரோரம் நின்று காது கொடுத்தேன்.

"அத்தை, நெஞ்சு கட்டியிருக்கு. எங்க வீட்டு அடுப்புல இதை ஏத்த விடமாட்டாங்க."

பையைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் மீனா வெடித்தாள்.

"கிழட்டு ஆட்டுக் காலுடி இது! முடிகூட ஒழுங்காப் பொசுக்கலை. உங்க மாமா ஒருநாளும் இப்பிடி வாங்கிட்டு வந்ததில்லை!"

உன்னைப் புகழ என்னை வைய வேண்டியிருக்கிறது பார். ஆனாலும் குக்கர் விசில் அடித்தது மாப்ள. இத்தனை மாசம் கழித்து.

"குடி, ஆறிரும்."

"நீங்களும் ஊத்துங்க. நான் மட்டும் குடிக்க மாட்டேன்."

"எனக்கு வேணாம்டி."

"அப்ப எனக்கும் வேணாம். இருமிக்கிட்டே இருக்கேன்."

இரண்டாவது கிண்ணம் வைக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் எலும்பை உறிஞ்சுகிற சத்தம். காவ்யா உறிஞ்சுவது எனக்குத் தெரியும், அது வேறு மாதிரி இருக்கும். இது மீனா. ஈரத்துண்டோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

அதிலிருந்து தினம் ஒருவேளையாவது அவள் அடுப்பு எரிகிறது. ஒருநாள் முருங்கைக்கீரைச் சாறு, ஒருநாள் கொள்ளுத் துவையல். எனக்கு மட்டும் உன்னைக் கூப்பிடுகிற வியாதி தீரவில்லை. நேற்று ரசத்தை இறக்கிக் கரண்டியும் கையுமாகக் கொல்லைப்பக்கம் போய், சுவரைப் பார்த்து, "மாப்ள, உப்புப் பாரு" என்று கூப்பிட்டுவிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அந்தப் பக்கம் பாத்திரம் விளக்குகிற சத்தம் நின்றது. கொஞ்சம் கழித்து, உள்ளங்கையைக் குழித்தபடி மீனாவின் கை மட்டும் சுவருக்கு மேலே வந்தது. ஆறவிட்டு ஒரு கரண்டி ஊற்றினேன்.

"உப்புக் கம்மிண்ணே" என்றாள். கை கீழே போகவில்லை. "இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க."