மணலில் நிறுத்திய ஜெக்

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா? உம்மா சுகமா?

நான் கட்டாரில் நல்ல சுகம். வெள்ளிக்கிழமை தங்குமிட முற்றத்தில், என் அறையில் இருக்கும் றிஸ்மியின் காரைத் திருத்தினேன். இங்கும் நம் ஆலங்குடா போல மணல்தான். நீங்கள் வேனுக்கடியில் தோணிப் பலகை போடுவதுபோல் நானும் ஒரு பலகை போட்டு, அதன்மேல் ஜெக்கை நிறுத்திக் காரைத் தூக்கிக் கீழே நுழைந்தேன். பலகை பிளந்துவிட்டது.

"மச்சான், ஜெக் சரியுது, வெளிய வாடா!" என்று றிஸ்மி கத்தினான். உருண்டு வந்துவிட்டேன். இடது செருப்புத்தான் போனது.

வாப்பா, நம் வேனுக்கும் அதே பலகைதானே? இனி ஜெக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள். சீமெந்துத் தரையில் நிறுத்தி, இரும்பு ஸ்டேண்ட் வையுங்கள்.

றிஸ்மியின் தம்பி ஊரிலிருந்து இங்கு வரும்போது ஒரு சோடி செருப்புக் கொடுத்துவிடுங்கள். இங்குள்ளது காலுக்கு ஒத்துவரவில்லை.

உம்மாவுக்கு இதுவரைதான் வாசித்துக் காட்டுங்கள். இடது செருப்பு மட்டும் இரண்டு அளவு பெரிதாக இருக்கட்டும். கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை.

மகன்,
நிஃப்ராஸ்