முதலாளி வீட்டுப் பியானோ

ஆம்பூர், சனிக்கிழமை, ஜூலை 1957

எனக்குத் தெரிந்து இந்த ஊரில் ஒரே பியானோ முதலாளி பங்களாவில்தான் இருக்கிறது. அவருடைய தோல் பதனிடும் ஷாப்பில் அப்பா மேஸ்திரி. அதனால்தான் இத்தனை வருஷமும் அங்கே போய் வாசித்துப் பழக முடிந்தது.

அடுத்த மாதம் மெட்ராஸில் என் முதல் கச்சேரி. இன்று அதை முதலாளியிடம் சொன்னேன். அதே நாளில் அவர் வீட்டில் பம்பாய் வியாபாரிகளுக்கு விருந்தாம்.

"மெட்ராஸ்ல இன்னா இருக்குது? நம்ம விருந்துல வாசி, போதும்" என்றார்.

"அங்க வர்றேன்னு ஒத்துக்கிட்டேன் சார்."

அவர் கோபப்படவில்லை. பியானோவை மூடிப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"உங்கப்பாவ கேட்டுட்டு வாம்மா."

கச்சேரியில் வாசிக்கப்போகும் இசையின் கடைசிப் பகுதியில் இடது கை இன்னும் தடுமாறுகிறது. இனி எதில் பழகுவேன்?

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். தோல் ஊறவைக்கும் சுண்ணாம்பு அரித்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

"நீ போம்மா. வேலை போனா போவட்டும். நான் பாத்துக்கறேன்."

போகக் கூடாது என்று கத்தியிருந்தால் சண்டை போட்டுக்கொண்டாவது கிளம்பியிருப்பேன். இப்போது எப்படிப் போவது?

"சரிப்பா" என்றேன்.

எதற்குச் சரி என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.