போணிக் காசு

உ

திண்டிவனம்
21.9.2025

அன்புத் தங்கச்சி செல்விக்கு வெள்ளையம்மாள் எழுதுவது.

வீட்டில் எல்லோரும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "இருக்கேங்க்கா" என்பாய், அதனால் கேட்கவில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. எடுத்த ஒரு தடவையும் "ம்" என்பதற்கு மேல் உன் வாயிலிருந்து வார்த்தை வரவில்லை. அதனால் நம்ம பொண்ணு சங்கவியின் நோட்டில் தாள் கிழித்து எழுதிப் பச்சைமுத்துவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் குட்டியானை வண்டி உன் ஊர் வழியாகத்தானே வல்லம் திரும்புகிறது. "கத்திரிக்கா ஏத்திக்கினு இருந்தவன போஸ்ட்மேன் ஆக்கிட்டீங்க, பென்ஷன் உண்டா?" என்று கேட்கிறான்.

உன் வீட்டுக்காரர் செபஸ்தியானின் முப்பதாம் நாள் பூசை முடிந்து மறுவாரம் நீ சந்தைக்கு வந்தாய். ஒரு மணி நேரம்கூட உட்காரவில்லை. கீரைக் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அன்றைக்கு எனக்கு முதலிலேயே போணி ஆகிவிட்டது செல்வி, அதனால்தான் உன் காசை வாங்கவில்லை. யாரோ ஒரு பெரியவர் அவசரமாக மிளகாய் வாங்கிக்கொண்டு போனார். நீ அதையெல்லாம் மனதில் வைத்திருக்க மாட்டாய்.

உழவர் சந்தைக்குப் புதிதாக ஒரு ஆபீசர் மேடம் வந்திருக்கிறார். உன் இடத்தில் நான் சாக்கு விரித்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "யாரும்மா சீட்டு போட்டது, இது என்ன பஸ்ஸா?" என்றார். நம்ம கதையைச் சொன்னேன். எட்டு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறோம், தினமும் நாங்களே ஒருத்திக்கு ஒருத்தி போணி பண்ணிக்கொள்வோம் என்றேன். அந்தப் பத்து ரூபாய் நாணயத்தையும் சொன்னேன். திண்டிவனத்தில் அதை ஒருத்தரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள். எவனோ உன் தலையில் கட்டிவிட்டுப் போன காசு. காலையில் நீ அதைக் கொடுத்து என்னிடம் பச்சை மிளகாய் வாங்குவாய். அதையே நான் திருப்பிக் கொடுத்து உன்னிடம் ஒரு கட்டுக் கீரை வாங்குவேன். ரெண்டு பேருக்கும் முதல் வியாபாரம் ஆச்சு, காசும் திரும்ப உன் சுருக்குப் பைக்குப் போச்சு. மேடம் சிரித்துவிட்டு, "தீபாவளி வரைக்கும் பார்க்கிறேன். அதுக்குள்ள அந்தம்மா வரலன்னா இடத்தை வேற விவசாயிக்குக் கொடுத்துடுவேன்" என்றார்.

அரைக்கீரை கேட்டு உன் வாடிக்கைக்காரர்கள் என்னை அரித்தெடுக்கிறார்கள். சீக்கிரம் வா.

உன் அக்கா,
வெள்ளையம்மாள்

†

27.9.2025

அன்புள்ள வெள்ளையம்மா அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பச்சைமுத்து வண்டியை நிறுத்தாமலே நீட்டிவிட்டுப் போனார்.

இங்கே சொல்ல ஒன்றும் இல்லை. காலையில் எழுந்து தண்ணீர் கட்டுகிறேன். மோட்டார் ஓடுகிறது, பாத்தி நிறைகிறது, மடையை மாற்றுகிறேன். அரைக்கீரை பூத்துவிட்டது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தேன். அறுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. வேண்டாம் என்றும் தோன்றவில்லை. பிறகு பக்கத்து வீட்டு மாடு உள்ளே இறங்கிவிட்டது, அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் எழுத வேண்டும். வெண்டைக்காய் அறுத்தால் சுணை பட்டுக் கையெல்லாம் அரிக்குமே. அவர் தேங்காய் எண்ணெய் எடுத்துக்கொண்டு வயலுக்கே வருவார். இப்போது இரண்டு கூடை அறுத்தாலும் அரிப்பதில்லை. கை சிவந்து தடித்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. அரிப்பு மட்டும் இல்லை. மரிய அருண் போனில் கேட்டான், "ஆஸ்பத்திரியில காட்டிக்கினு வர்லாமாம்மா?" என்று. கை வலிக்கிறது என்றால் காட்டலாம். வலிக்கவில்லை என்று யாரிடம் போய்க் காட்டுவது?

நான் வந்த அன்று காவல்காரர் இன்னும் மணி அடிக்கவில்லை. கேட் பூட்டித்தான் இருந்தது. உள்ளே நம்மைப் போல் கடை போடுகிறவர்கள் மட்டும்தான் இருந்தோம். அந்தப் பெரியவர் எப்படியோ உள்ளே வந்திருக்கிறார். உங்களுக்கு நேரத்தோடு போணி ஆனது நல்லதுதான்.

மாமாவையும் சங்கவியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்,
செல்வி

உ

திண்டிவனம்
5.10.2025

அன்புத் தங்கச்சி செல்விக்கு,

உன் கடிதத்தைச் சங்கவிதான் படித்தாள். கையில் அரிப்பு இல்லை என்கிற இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எண்ணெய் தடவு. அரித்தாலும் அரிக்காவிட்டாலும் தடவு.

போன கடிதத்தில் பெரியவர் என்று தப்பாக எழுதிவிட்டேன். அன்றைக்கு மிளகாய் வாங்கியது டீ கொண்டு வருகிறவர். அவரைத்தான் கேட் திறக்கும் முன்பே உள்ளே விடுகிறார்களே. என் புத்தி எங்கே இருந்ததோ. அன்றைக்கு எனக்கு ஆயிரம் யோசனை. உன்னிடம் சொன்னேனா என்று நினைவில்லை, அன்று சாயங்காலம்தான் சங்கவியைப் பெண் பார்க்க வந்தார்கள். முதலில் மூன்று இடம் வந்து பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள்தான். நாலாவதாக வந்த இடம் இது. உங்க மாமா ரெண்டு நாள் ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டே சுற்றினார். எது பட்டாலும், யார் தும்மினாலும் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த இடமே அமைந்துவிட்டது. பையன் பெயர் கோகுலகிருஷ்ணன். சொட்டுநீர்க் குழாய் போடும் வேலை, சொந்தமாகச் செய்கிறான். அவன் அம்மா போகும்போது சங்கவியின் கன்னத்தைத் தொட்டு, "இந்த முகத்த வுட்டுட்டு வேற எங்க போறது" என்றாள். புரட்டாசி கழிந்ததும் நிச்சயம், கார்த்திகையில் கல்யாணம். ஊரில் சொல்வதற்கு முன்னால் உனக்குத்தான் எழுதுகிறேன்.

சாக்கு உன் இடத்திலேயே இருக்கிறது. தீபாவளிக்கு இன்னும் ரெண்டு வாரம்தான். பச்சைமுத்து வண்டியிலேயே ஏறி வா. முன் சீட்டில் உட்கார்ந்து வா.

உன் அக்கா,
வெள்ளையம்மாள்

†

13.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சங்கவி செய்தி படித்தேன். நல்ல இடமாகத் தெரிகிறது. சொட்டுநீர் வேலைக்கு எப்போதும் ஆள் தேவை. அவளுக்கு என் ஆசீர்வாதம். இதை எழுதும்போது சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று தெரிகிறது. இருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டீக்காரர் மிளகாய் வாங்குவார் என்று எனக்குத் தெரியாது. அவர் கடையில் பஜ்ஜி போடுவதில்லையே.

நான் கோபமாக இல்லை அக்கா. கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று இருக்கிறது. அன்று காசை நீட்டினேன். நீங்கள் "ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டுத் தராசுத் தட்டைத் துடைத்தீர்கள். தட்டு சுத்தமாகத்தான் இருந்தது. அதன் பிறகு என்னிடம் ஒரு கட்டுக் கீரைகூட நீங்கள் வாங்கவில்லை. எனக்குப் போணி ஆகாமலே அன்று வீட்டுக்கு வந்தேன். அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

அனந்தபுரத்தில் என் அண்ணன் சவுரிராயன் கிணற்றை ஒட்டி அரை ஏக்கர் தருகிறேன் என்கிறார். இந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டேன். அங்கிருந்து விழுப்புரம் சந்தைதான் கிட்ட. மேடத்திடம் சொல்லிவிடுங்கள், தீபாவளி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். சாக்கை எடுத்துவிடலாம்.

செல்வி

உ

திண்டிவனம்
10.11.2025

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் யாராவது கூப்பிட்டுவிட்டார்கள். கல்யாண வீடு, உனக்குத் தெரியாதா. உன் அனந்தபுரம் விலாசத்தைப் பச்சைமுத்துதான் உன் ஊரில் கேட்டு வாங்கி வந்தான்.

சாக்கை நான் எடுக்கவில்லை. தீபாவளி முடிந்த மறுநாள் மேடம்தான் ஆள் வைத்து எடுத்தார். உன் இடத்தில் இப்போது வாழைத்தண்டு, வாழைப்பூ விற்கிற ஒரு ஆள் உட்காருகிறான். விடிந்ததிலிருந்து போனில் பேசிக்கொண்டே இருக்கிறான். "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று அவன் கத்துகிற கத்தலில் என்னிடம் வருகிறவர்களும் பயந்து போகிறார்கள். காலையில் நான் மிளகாயைக் குவித்துவிட்டு இடது பக்கம் திரும்புகிறேன். எட்டு வருஷப் பழக்கம், கழுத்து தானாகத் திரும்புகிறது. அவன் என்னைப் பார்த்து "இன்னாக்கா?" என்கிறான். ஒன்றும் இல்லை என்கிறேன்.

பத்திரிகை இத்துடன் வைத்திருக்கிறேன். கார்த்திகை 11, வியாழக்கிழமை. ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் முகூர்த்தம். நீ அதற்காக விடியற்காலையில் எழுந்து பஸ் பிடித்து அலைய வேண்டாம். சாவகாசமாக மதியச் சாப்பாட்டுக்கு வந்தால் போதும். உனக்கென்று ஒரு இலை போட்டு நானே பரிமாறுகிறேன். சங்கவிக்கு நீ பார்க்காமல் கல்யாணம் என்றால் கல்யாணமே இல்லை.

என் மேல் வருத்தம் வைக்காதே. பெண்ணைப் பெற்றவள், அவ்வளவுதான் சொல்ல முடியும். கல்யாணம் நல்லபடியாக முடியட்டும். அதற்கப்புறம் மேடத்தின் காலில் விழுந்தாவது உனக்கு என் பக்கத்தில் இடம் வாங்கித் தருகிறேன். பழையபடி நாம் ரெண்டு பேரும் போணி பண்ணிக்கொள்ளலாம். அதுவரைக்கும் நம்ம காசு உன்னிடமே பத்திரமாக இருக்கட்டும்.

என்றும் உன் அக்கா,
வெள்ளையம்மாள்

†

அனந்தபுரம்
20.11.2025

வெள்ளையம்மா அக்காவுக்கு,

பத்திரிகை வந்தது. அச்சு நன்றாக இருக்கிறது. மரிய அருணிடம் சொல்லியிருக்கிறேன், அவன் முகூர்த்தத்துக்கே வந்துவிடுவான். பெண்ணுக்கு ஒரு புடவை கொடுத்தனுப்புகிறேன். நீங்களே எடுத்ததாகச் சொல்லி அவளிடம் கொடுங்கள். சாப்பாட்டுக்கு நான் வரவில்லை. எனக்காக இலை போட வேண்டாம்.

விழுப்புரம் சந்தையில் அண்ணனின் உழவர் அட்டையில் என் பெயரையும் போட்டோவையும் சேர்த்துக்கொடுத்துவிட்டார்கள். போன வாரத்திலிருந்து போகிறேன். அரைக்கீரை முளைத்துவிட்டது, இன்னும் அறுப்புக்கு வரவில்லை. இப்போதைக்கு அண்ணன் போட்டிருந்த வெண்டைக்காய் மட்டும் கொண்டுபோகிறேன். பக்கத்தில் மண்டகப்பட்டிலிருந்து வருகிற ஜெயம் என்று ஒரு பெண். வேர்க்கடலையும் முருங்கைக்காயும் வைத்திருக்கிறாள். நிறையப் பேசுகிறாள். என்னைப் பற்றி இன்னும் எதுவும் கேட்கவில்லை.

முதல் நாளே கை நிறைய மல்லாட்டையை அள்ளி நீட்டிக்கொண்டு, "யக்கா, நீ வாங்கிப் போணி பண்ணேன், நானும் உன்கிட்ட வாங்கிக்கிறேன், உன் கை எப்டி இருக்குதுன்னு பாக்கலாம்" என்றாள்.

எனக்கு ஆயிடுச்சு என்று சொன்னேன்.

கேட் அப்போதும் திறக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை அக்கா, வாய் சொல்லிவிட்டது. அவள் நம்பிவிட்டாள். "அதுக்குள்ளயா? ராசிக்காரிதான் நீ" என்று சிரித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் என் தராசுத் தட்டைத் துடைத்தேன். நீங்கள் அதை ஏன் துடைத்தீர்கள் என்று அப்போது தெரிந்தது. கைக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டியிருக்கிறது. இதை உங்களுக்கு எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தை எடுத்தேன்.

மறுநாள் அவளிடம், என் வீட்டுக்காரர் ஆகஸ்டில் இறந்துவிட்டார் என்று நானே சொன்னேன். அவள் அவிழ்ந்திருந்த முருங்கைக்காய்க் கட்டைச் சேர்த்துக் கட்டினாள். பிறகு, "சரி, போணிக்கு இன்னா வாங்கப்போற, மல்லாட்டையா முருங்கக்காயா?" என்று கேட்டாள். முருங்கைக்காய் வாங்கினேன்.

வெண்டைக்காய்ச் சுணை நேற்றிலிருந்து அரிக்கிறது. எண்ணெய் தடவினேன்.

நம்ம காசு என்று எழுதியிருந்தீர்கள். முதல் நாள் விழுப்புரம் போகிற பஸ்ஸில் கண்டக்டர் கூடைக்கு லக்கேஜ் பத்து ரூபாய் கேட்டார். சுருக்குப் பையில் சில்லறையாக அது ஒன்றுதான் இருந்தது. இது செல்லுமா என்று கேட்டேன். "ஏம்மா செல்லாது?" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இங்கே அது செல்கிறது அக்கா.

இருதயசெல்வி