நீளத் தொட்டி வண்டி

வியாழன் இரவு.

அந்தியூர்ச் சந்தைக்குக் குதிரையைக் கொண்டுபோகும் டிரெய்லர் வந்துவிட்டது. அதன் கழுத்தை, இழுத்துப்போகும் பிக்கப் வண்டியின் பின்தொட்டிக்குள் மாட்ட வேண்டும். தொட்டி குட்டையாக இருந்தால், வளைவில் டிரெய்லரின் மூக்கு கேபினில் இடிக்கும். இது என் மகன் பிரபுவுக்குத் தெரியும். ஆனாலும் வாடகைக்குக் குட்டைத் தொட்டி வண்டிதான் வேண்டும் என்கிறான். அதில்தான் பின் இருக்கை உண்டு. நீள வண்டியில் அவனும் குதிரைக்காரரும் மட்டுமே உட்காரலாம்.

"மெதுவாத் திருப்பிக்கலாமுங்கம்மா."

"சத்தியமங்கலத்து வளைவுல இடிச்சா குதிரை மிரளாதா கண்ணு? நீளமானதையே எடு."

அவன் வாசலைப் பார்த்தான். அம்மாவுக்கு இடமில்லை என்று சொல்ல இந்த வீட்டில் யாருக்கும் வாய் வராது. நானே சொன்னேன்: "இந்த வருஷம் நான் வரலை."

என் வீட்டுக்காரர் காலமான பிறகும் நான் அந்தியூரைத் தவறவிட்டதில்லை.

மருமகள் காப்பியை வைத்தாள். "ஏனுங்க அத்தை, நாம கார்ல பின்னாலயே போயிரலாமுங்க. நான் ஓட்டறேன். பயமா இருந்தாச் சொல்லிப்போடுங்க."

"எனக்கென்ன பயம்? ஹாரனைக் கம்மியா அடி, வாரேன்."

பிரபு நாளை நீள வண்டியைச் சொல்லிவிடுவான். போக ஆசை என்று நான் முகத்தில் காட்டவே இல்லை. அவள் எப்படிக் கண்டுகொண்டாள் என்றுதான் தெரியவில்லை.